வங்கி ஒன்று விழும்போது உலகச் சந்தைகளில் நடப்பது என்ன? யாழ்ப்பாணத்தில் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும்

2023 மார்ச் 20 ஆம் திகதி திங்கட்கிழமை காலை, இணுவிலில் இருக்கும் உறவு மாமி ஒருவர் என்னை அழைத்தார். "தம்பி, பெரியவன் காசு போட்டு வைச்சிருக்கிற சுவிஸ் வங்கி விழுந்திட்டுதாம். காசு போயிடுமோ?" என்று கேட்டார். முந்திய இரவுதான் கிரெடிட் சுவிஸ் வங்கியை அதன் போட்டியாளரான யூபிஎஸ் வாங்கப்போகும் செய்தி வெளியாகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வங்கிக் கிளையொன்றில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். அப்படியிருந்தும் அன்று நான் மாமிக்குச் சொன்ன பதில் அரைகுறையாகவே இருந்தது. அதன் பின்னர் வாசிகசாலையில் சந்தித்தவர்களும், உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கும் பிள்ளைகளும், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர்களும் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இம்முறை ஆறுதலாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

வங்கி விழுந்துவிட்டது என்றால் என்ன பொருள்? காசு தீர்ந்துபோவதா, நட்டப்படுவதா?

இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஆனால் ஒன்று மற்றதாக மாறுவதற்கு அதிக நேரம் எடுப்பதில்லை.

வங்கி கொடுத்த கடன்களும் வாங்கிய முறிகளும் (அரசுக்கோ கம்பனிக்கோ கடன் கொடுத்ததற்கான பத்திரங்கள்) சேர்ந்து பெறும் பெறுமதி, வைப்பாளர்களுக்கும் ஏனையோருக்கும் அது கொடுக்கவேண்டிய தொகையை விடக் குறைந்துவிட்டால், அந்த வங்கி கடனைத் தீர்க்கும் வலுவை இழந்துவிட்டது. இது முதலாவது நோய். இரண்டாவது வகையில், சொத்துகள் போதுமான அளவு இருக்கும், ஆனால் அவை பத்து வருட வீட்டுக்கடனாகவும் ஐந்து வருட முறியாகவும் முடங்கிக் கிடக்கும். இன்று காலை வாசலில் நிற்பவருக்குக் கொடுக்கக் கையில் காசு இராது. இதைத் திரவத்தன்மை நெருக்கடி என்பார்கள். எந்த வங்கியும் வைப்பாளர்களின் பணம் முழுவதையும் பெட்டகத்தில் வைத்திருப்பதில்லை. நாங்கள் காலையில் காசாளரின் இலாச்சியில் எண்ணி வைத்த தொகை, அந்தக் கிளையின் மொத்த வைப்புகளில் மிகச் சிறிய பங்கே. எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல்தான் வங்கித் தொழில் நிற்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் வங்கியைப் பற்றி ஆதாரமில்லாத கதையொன்று பரவிய ஒரு நாள் எனக்கு நினைவிருக்கிறது. கோப்பாய்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எட்டரை மணிக்கே கதவடியில் நின்றார். அவர் நிற்பதைக் கண்டு இன்னும் இருவர், அவர்களைக் கண்டு மேலும் பத்துப்பேர் என வரிசை வளர்ந்தது. முகாமையாளர் ஐயா நோட்டுக் கட்டுகளை வெளியே தெரியும்படி மேசையில் அடுக்கச் சொன்னார். அந்தப் பெரியவர் தம் புத்தகத்தில் இருந்த தொகை முழுவதையும் எடுத்து, இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் நின்று யோசித்து, மீண்டும் வைப்புச் சீட்டு நிரப்பினார். வரிசையும் மெல்லக் கலைந்தது. வங்கி அன்று நட்டப்பட்டிருக்கவில்லை. ஆனால் இன்னும் இருநூறு பேர் வந்து நின்றிருந்தால் அடிமாட்டு விலைக்கு எதையாவது விற்க வேண்டி வந்து, இல்லாத நட்டமும் வந்து சேர்ந்திருக்கும். இந்த இயக்கத்தை 1983 இல் மாதிரி வடிவில் விளக்கிய டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் ஆகிய இருவருக்கும், பென் பெர்னான்கியோடு சேர்த்து, 2022 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கி ஏன் இரண்டே நாளில் வீழ்ந்தது?

இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இங்கே களவும் இல்லை, அறவிட முடியாத கடனும் இல்லை. உலகத்திலேயே பாதுகாப்பானது எனக் கருதப்படும் அமெரிக்க அரச முறிகளையும் அரச ஆதரவுள்ள வீட்டுக்கடன் முறிகளையும் வாங்கி வைத்துத்தான் அந்த வங்கி வீழ்ந்தது.

கொரோனாக் காலத்தில் தொழில்நுட்பக் கம்பனிகளிடம் பணம் குவிந்தபோது, இரண்டே ஆண்டுகளில் அந்த வங்கியின் வைப்புகள் ஏறத்தாழ மூன்று மடங்காகின. அந்தப் பணத்தின் பெரும்பகுதியைக் குறைந்த வட்டி தரும் நீண்டகால முறிகளில் வங்கி போட்டது. 2022 மார்ச்சில் பூச்சியத்தை ஒட்டியிருந்த அமெரிக்க வட்டி வீதத்தை, அந்நாட்டு மத்திய வங்கியான பெடரல் ரிசேர்வ் ஓராண்டுக்குள் 4.5 வீதத்துக்கு மேல் உயர்த்தியது. வட்டி ஏறினால் பழைய முறியின் விலை இறங்கும் என்பது வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வரி. அதைக் கணக்காகப் பாருங்கள்: ஆண்டுக்கு 2 ரூபாய் வட்டி தந்து பத்தாம் ஆண்டில் முதலைத் திருப்பித்தரும் 100 ரூபாய் முறி ஒன்று உங்களிடம் இருக்கிறது. இன்று புதிதாக வெளிவரும் அதேபோன்ற முறி 4.50 ரூபாய் தருகிறது. உங்கள் முறியை இப்போது விற்கப்போனால் ஏறத்தாழ 80 ரூபாய்தான் தேறும். பத்து ஆண்டுகள் காத்திருந்தால் முழு நூறும் வரும். காத்திருக்க விடுவார்களா என்பதே கேள்வி.

2023 மார்ச் 8, புதன்கிழமை, 21 பில்லியன் டொலர் முறிகளை 1.8 பில்லியன் நட்டத்துக்கு விற்றுவிட்டதாகவும் புதிய மூலதனம் தேடுவதாகவும் வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 42 பில்லியன் டொலர் வெளியேறியது. வெள்ளிக்கிழமை இன்னும் 100 பில்லியன் வெளியேறக் காத்திருந்தது. மொத்த வைப்புகளே ஏறத்தாழ 175 பில்லியன்தான். வைப்புகளில் 90 வீதத்துக்கு மேற்பட்டவை 250,000 டொலர் என்ற காப்புறுதி எல்லைக்கு வெளியே இருந்ததும், வைப்பாளர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஒரே தொழிலைச் சேர்ந்தவர்களாக இருந்ததும், பணம் எடுக்க வரிசை தேவைப்படாமல் கைபேசியே போதுமாக இருந்ததும் ஒன்றாகச் சேர்ந்தன. கோப்பாய்ப் பெரியவருக்கு எண்ணிப் பார்த்து யோசிக்க நேரம் கிடைத்தது; அந்தக் கம்பனிகளின் நிதிப் பொறுப்பாளர்களுக்கு அது கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமையே அதிகாரிகள் வங்கியை மூடினார்கள்.

கலிபோர்னியாவில் ஒரு வங்கி மூடப்பட்டால் டோக்கியோவிலும் சூரிச்சிலும் வங்கிப் பங்குகள் ஏன் விழவேண்டும்?

சந்தையில் இருப்பவர்களின் முதற்கேள்வி, விழுந்த வங்கியைப் பற்றியது அன்று. "இதே பொருளை வேறு யார் வைத்திருக்கிறார்கள்?" என்பதே அவர்கள் கேட்பது. என் அனுபவத்தில், வங்கி நெருக்கடிச் செய்திகளை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றவை தாமாகவே பின்னால் வரும்.

2023 மார்ச்சில் விலை குறைந்த நீண்டகால முறிகள் உலகெங்கும் வங்கிகளிடம் இருந்தன. ஜப்பானிய வங்கிகள் வெளிநாட்டு முறிகளைப் பெருமளவில் வைத்திருந்ததால் அவற்றின் பங்குகள் அடுத்த வாரமே கடுமையாக விழுந்தன. சிலிக்கன் வேலியின் பிரித்தானியக் கிளை நிறுவனத்தை எச்எஸ்பிசி வங்கி திங்கட்கிழமை 1 பிரித்தானியப் பவுணுக்கு வாங்கியது. நியூயோர்க்கின் சிக்னேச்சர் வங்கி ஞாயிறன்றே மூடப்பட்டிருந்தது. பேர்ஸ்ற் றிப்பப்ளிக் வங்கி மே 1 வரை தாக்குப்பிடித்து, பின்னர் ஜேபி மோர்கனிடம் போய்ச்சேர்ந்தது.

வங்கிகள் ஒன்றுக்கொன்று நேரடியாகக் கடன் கொடுத்திருப்பது இன்னொரு வழி. ஒன்று கொடுக்கத் தவறினால் மற்றதன் கணக்கில் ஓட்டை விழும். ஆனால் அதைவிட வேகமானது விற்பனை வழி. நெருக்கடியில் உள்ள நிறுவனம் விற்கக்கூடியதையெல்லாம் விற்கும். விலை விழும். அந்த விலையை வைத்தே தம் சொத்துகளைக் கணக்கிடும் ஏனைய நிறுவனங்களின் புத்தகத்திலும் நட்டம் தோன்றும். அவர்களும் விற்பார்கள். ஒரு மரக்கறிச் சந்தையில் ஒருவர் அவசரத்துக்கு வெங்காயத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டால் எங்கள் திருநெல்வேலிச் சந்தை முழுவதும் அன்று அந்த விலைக்கு இழுபடுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே இழுப்புத்தான்.

இதே வேளை, பணம் ஓடிப்போகும் இடமும் ஒன்றுண்டு. மார்ச் 13 அன்று எல்லோரும் குறுங்கால அமெரிக்க அரச முறிகளை வாங்க ஓடியதால், இரண்டு ஆண்டு முறியின் விளைவு வீதம் (இன்றைய விலைக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் வருமானம்) 1987 ஒக்ரோபருக்குப் பின் ஒரே நாளில் கண்டிராத அளவுக்குச் சரிந்தது. பெடரல் ரிசேர்வ் இனி வட்டியை வேகமாக உயர்த்தாது என்ற கணிப்பும் அதற்குள் இருந்தது. ஆகவே ஒரு வங்கி விழுந்த வாரத்தில் உலகம் முழுவதற்குமான பணத்தின் விலையே மாறியது.

2008 இல் லீமன் பிரதர்ஸ் சாதாரண வைப்பு வங்கி அல்லவே. அது விழுந்தது ஏன் உலகத்தையே உலுக்கியது?

லீமன் ஒரு முதலீட்டு வங்கி. அதன் வாசலில் சேமிப்புப் புத்தகத்துடன் யாரும் நிற்கவில்லை. ஆனால் அதற்கும் ஒருவகை வைப்பாளர்கள் இருந்தார்கள்: ஒவ்வொரு இரவும் அதற்குக் குறுங்காலக் கடன் கொடுத்து மறுநாள் திருப்பிப் பெற்ற நிதியங்களும் வங்கிகளும். 2008 செப்ரெம்பர் 15 அன்று ஏறத்தாழ 639 பில்லியன் டொலர் சொத்துகளுடன் அது வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. அமெரிக்க வரலாற்றில் அதைவிடப் பெரிய வங்குரோத்து இன்றுவரை இல்லை.

மறுநாள் நடந்ததைத்தான் நான் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன். றிசேர்வ் பிரைமரி என்ற பணச்சந்தை நிதியம் 785 மில்லியன் டொலருக்கு லீமனின் குறுங்காலக் கடன் பத்திரங்களை வைத்திருந்தது. 60 பில்லியனுக்கு மேற்பட்ட அந்த நிதியத்தில் இது சிறிய துண்டு. ஆனால் ஒரு டொலர் போட்டால் ஒரு டொலர் கிடைக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்த நிதியத்தின் பங்கு 97 சதமாகியது. மூன்று சதம்தான். அந்த மூன்று சதம் பணச்சந்தை நிதியங்கள் எல்லாவற்றின் மீதும் ஐயத்தைக் கிளப்பியது. பணம் வெளியேறத் தொடங்கியதும், பெரிய கம்பனிகள் சம்பளம் கொடுக்கவும் சரக்கு வாங்கவும் வாரக் கணக்கில் எடுத்துவந்த கடன் வரண்டது. அன்றே உலகின் மிகப்பெரிய காப்புறுதி நிறுவனங்களுள் ஒன்றான ஏஐஜிக்கு அமெரிக்க மத்திய வங்கி 85 பில்லியன் டொலர் வரை கடன் கொடுத்தது; அந்த நிறுவனம் வங்கிகளின் முறிகளுக்கு உத்தரவாதம் எழுதியிருந்தது. மூன்று நாளின் பின் பணச்சந்தை நிதியங்களுக்கே அமெரிக்கத் திறைசேரி உத்தரவாதம் கொடுக்க நேர்ந்தது. செப்ரெம்பர் 25 இல் வோஷிங்ரன் மியூச்சுவல் வங்கியும், ஒக்ரோபர் முதல் பாதியில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் வீழ்ந்தன.

வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்க அஞ்சியதன் அளவுகோலாக ஓர் எண் உண்டு. லண்டனில் வங்கிகள் மூன்று மாதத்துக்குத் தமக்குள் கேட்ட வட்டிக்கும், அதே காலத்துக்கு எதிர்பார்க்கப்பட்ட ஓரிரவு வட்டிக்கும் இடையிலான வேறுபாடு, வழமையாக ஒரு வீதத்தின் பத்தில் ஒரு பங்களவே. 2008 ஒக்ரோபரில் அது 3.6 வீதத்தைத் தாண்டியது. மறுபக்கம் இருப்பவர் நாளை இருப்பாரா என்ற ஐயத்துக்கு வங்கிகள் கேட்ட விலை அது.

லீமனின் பெயரோடு தொடர்புபட்ட சிறு முறிகளை வாங்கியிருந்த ஹொங்கொங், சிங்கப்பூர் ஓய்வூதியர்கள் பலர் தம் சேமிப்பை இழந்து தெருவில் இறங்கினார்கள். தாங்கள் வாங்கியது வைப்பைப் போன்றது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நியூயோர்க்கில் விழுந்ததன் பாரத்தை ஆசியாவில் ஒரு மூதாட்டி சுமந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கிரெடிட் சுவிஸில் கணக்கு வைத்திருந்த நம்மவர்கள் பணத்தை இழந்தார்களா?

இல்லை. வைப்பாளர்கள் ஒரு பிராங்கும் இழக்கவில்லை. கணக்குகள் யூபிஎஸ் பொறுப்பில் தொடர்ந்தன. மாமிக்கு அன்றே இதை உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இழந்தவர்கள் வேறு. 1856 இல் தொடங்கிய அந்த வங்கியிலிருந்து 2022 இன் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் 110 பில்லியன் பிராங்குக்கு மேல் வாடிக்கையாளர் பணம் வெளியேறியிருந்தது. 2023 மார்ச் 15 அன்று, அதன் மிகப்பெரிய பங்காளரான (பங்குகளை வைத்திருந்த) சவூதி தேசிய வங்கியின் தலைவர், மேலும் முதலிடமாட்டோம் என்று ஒரு நேர்காணலில் சொன்னார். ஒரே நாளில் பங்கு விலை ஒரு கட்டத்தில் 30 வீதம் வரை சரிந்தது. சுவிஸ் தேசிய வங்கி 50 பில்லியன் பிராங் வரை கடன் தர முன்வந்தும் ஓட்டம் நிற்கவில்லை. ஞாயிறு இரவு, வெள்ளியன்று 1.86 பிராங்காக முடிந்த பங்குக்கு 0.76 பிராங் என்ற கணக்கில், மொத்தம் 3 பில்லியனுக்கு வங்கி கைமாறியது.

சந்தையை அதிரவைத்தது அதற்கு அடுத்த முடிவு. நெருக்கடியில் நட்டத்தைத் தாங்குவதற்கென்றே வெளியிடப்பட்ட ஒருவகை முறிகள் ஏறத்தாழ 16 பில்லியன் பிராங்குக்கு இருந்தன. அவற்றை முழுமையாகப் பூச்சியமாக்கினார்கள். வழமையான ஒழுங்கில் பங்காளர்தான் முதலில் இழக்கவேண்டும்; கடன் கொடுத்தவர் பின்னர். இங்கே பங்காளருக்கு 3 பில்லியன் கிடைக்க, முறி வைத்திருந்தவருக்கு ஒன்றுமில்லை. உடனே ஐரோப்பிய வங்கிகள் எல்லாவற்றின் அதேவகை முறிகளும் விழுந்தன. திங்கட்கிழமையே ஐரோப்பிய மேற்பார்வை நிறுவனங்களும் இங்கிலாந்து வங்கியும், தங்கள் எல்லைக்குள் பங்காளரே முதலில் இழப்பார் என்று அறிக்கை வெளியிட்டபின்தான் சந்தை தணிந்தது. யார் முதலில் இழப்பது என்ற வரிசை தெளிவில்லாமல் போனால், இழப்பே இல்லாத வங்கியும் அடிபடும்.

எல்லா வங்கி வீழ்ச்சியும் இப்படிப் பரவுமா?

பரவாது. 1995 பெப்ரவரியில் லண்டனின் பேரிங்ஸ் வங்கி, சிங்கப்பூரில் இருந்த நிக் லீசன் என்ற ஒரு வணிகரின் மறைக்கப்பட்ட ஊகங்களால் 827 மில்லியன் பவுண் இழந்து வீழ்ந்தது. இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைய வங்கி 1 பவுணுக்கு விற்கப்பட்டது. ஆயினும் சந்தை சில நாளில் அமைதியடைந்தது. "வேறு யார்?" என்ற கேள்விக்கு "வேறு யாருமில்லை, இது ஒருவரின் செயல்" என்ற பதில் இருந்தது.

சின்ன வங்கியும் பெரிய பாடம் தரலாம். 1974 ஜூன் 26 மாலை மேற்கு ஜேர்மனியின் ஹேர்ஸ்ராட் வங்கி மூடப்பட்டபோது நியூயோர்க்கில் இன்னும் காலை. ஜேர்மன் மார்க்கைக் கொடுத்துவிட்டு டொலருக்குக் காத்திருந்த வங்கிகள் வெறுங்கையுடன் நின்றன. நேர வேறுபாடே ஒரு நட்டமாகலாம் என்று உலகம் அன்று கண்டுகொண்டது. வங்கி மேற்பார்வைக்கான பாசல் குழு அந்த ஆண்டு இறுதியிலேயே அமைக்கப்பட்டது.

வெளிநாட்டு வங்கி விழுந்தால் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் தங்கப் பவுண் விலை ஏன் ஏறுகிறது?

தங்கம் எந்த வங்கியின் வாக்குறுதியும் இல்லாத சொத்து. அதனால் வங்கிகள் மீது ஐயம் வரும்போது பணம் அங்கே போகிறது. 2023 மார்ச் 9 இல் அவுன்ஸ் ஒன்று 1,830 டொலரை ஒட்டியிருந்தது. 20 ஆம் திகதி 2,000 ஐத் தொட்டது. நம் ஊரில் அந்த ஏற்றத்துடன் டொலரின் ரூபாய் விலையும் பெருக்கப்படும். ஆகவே பவுண் விலையில் இரண்டு சந்தைகளின் காய்ச்சல் ஒன்றாகத் தெரியும்.

ஆனால் செய்தி கேட்டவுடன் கலியாணத்துக்கென்று வைத்த காசைத் தூக்கிக்கொண்டு ஓடுவோருக்கு ஒன்று சொல்லவேண்டும். லீமன் விழுந்த வாரம் தங்கம் பாய்ந்து ஏறியது. ஒக்ரோபரில் அதே தங்கம் 700 டொலர் அளவுக்கு இறங்கியது. மற்ற இடங்களில் நட்டப்பட்டவர்கள் காசு தேடித் தங்கத்தையும் விற்றார்கள். 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் விழுந்தபோது பாதிப்பு நேரே எங்கள் மேசைக்கு வந்தது. அடகு வைத்த நகையின் பெறுமதி, கொடுத்த கடனையும் ஏறிய வட்டியையும் விடக் குறைந்தது. பலர் மீட்க வரவில்லை. நாட்டின் வங்கிகள் பல அடகுப் பிரிவில் நட்டப்பட்டன. துணிப்பையில் சுற்றி இலக்கமிட்ட தாலிக்கொடிகள் ஏலத்துக்கு எடுக்கப்பட்ட நாள்களை நான் மறக்கவில்லை.

நம் ரூபாய்க்கும் வட்டிக்கும் அந்த வீழ்ச்சிகள் எப்படி வந்து சேர்கின்றன?

நம் வங்கிகள் லீமனின் சிக்கலான பத்திரங்களை வாங்கிக் குவித்திருக்கவில்லை. எனினும் 2008 இன் கடைசியில் அடி விழுந்தது. இலங்கை அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களிலும் முறிகளிலும் முதலிட்டிருந்த வெளிநாட்டவர்கள், தங்கள் ஊரில் காசு தேவைப்பட்டதால், இங்கிருந்து டொலராக மாற்றிக்கொண்டு போனார்கள். நாட்டின் வெளிநாட்டு ஒதுக்கு வேகமாகக் கரைந்தது. 2009 ஜூலையில் சர்வதேச நாணய நிதியத்திடம் 2.6 பில்லியன் டொலர் கடன் வசதி பெறவேண்டி வந்தது. போரினால், குடாநாட்டைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டு, கப்பலில் வந்த சாமானை நம்பிக் குடாநாடு இருந்த காலம் அது. உலக நிதி நெருக்கடி என்ற சொல்லை நாங்கள் வானொலியில் கேட்டோம், அதன் பொருளை விலைப்பட்டியலில் தேட முடியாத அளவுக்கு எங்கள் விலைகளுக்கு வேறு காரணங்கள் இருந்தன.

2023 இல் நிலை வேறு. 2022 ஏப்ரல் 12 இலேயே வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இலங்கை நிறுத்திவைத்திருந்ததால், உலகச் சந்தையிலிருந்து நாம் ஏற்கனவே துண்டிக்கப்பட்டிருந்தோம். கிரெடிட் சுவிஸ் கைமாறிய மறுநாள், மார்ச் 20 அன்றுதான், நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உதவிக்கு ஒப்புதல் அளித்தது.

யாழ்ப்பாணத்துக்கு மிக நெருக்கமான வழி, வெளிநாட்டிலிருந்து வரும் பணம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ வங்கிகள் கடன் கொடுப்பதை இறுக்கினால் கட்டட வேலை குறையும், கடைகள் ஆள் குறைக்கும், ஊருக்கு மாதாமாதம் வந்த தொகை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாகும். பங்குச் சந்தைச் சுட்டெண்ணில் இது தெரியாது. அரைவாசியில் நின்ற வீட்டுச் சுவரில் தெரியும்.

இலங்கையில் வங்கிகள் விழுந்திருக்கின்றனவா?

விழுந்திருக்கின்றன. 1884 மே மாதம் லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட ஓரியன்டல் வங்கி மூடப்பட்டது. கோப்பித் தோட்டங்களைப் பங்கசு நோய் அழித்ததில் அதன் இலங்கைக் கடன்கள் அழிந்திருந்தன. அதன் நோட்டுகளே இங்கு பணமாகப் புழங்கியதால், ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கப் பொறுப்பு ஏற்றார். அடுத்த ஆண்டிலிருந்து அரசாங்கமே நோட்டு வெளியிட்டது. இலங்கைக் காட்டில் ஓர் இலைநோய் லண்டன் வங்கியைச் சாய்க்க உதவியது என்பது, இந்தத் தொடர்புகள் இணையக் காலத்தில் பிறந்தவை அல்ல என்பதற்குச் சான்று.

நம் காலத்தில், 2002 ஒக்ரோபரில் பிரமுக வங்கியின் செயற்பாடுகளை மத்திய வங்கி இடைநிறுத்தியது. வைப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2008 டிசெம்பரில் கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி வீழ்ந்தபோது, அது சேர்ந்திருந்த குழுமத்தோடு தொடர்புடையதாக இருந்த செலான் வங்கியில் வரிசைகள் உருவாகின. மத்திய வங்கி தலையிட்டு முகாமைத்துவத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. செலான் வைப்பாளர் எவரும் இழக்கவில்லை, வங்கி இன்றும் நன்றாக இயங்குகிறது. கோல்டன் கீயில் கூடிய வட்டிக்குப் பணம் கொடுத்தவர்களோ நெடுங்காலம் நீதிமன்றப் படிகளில் நின்றார்கள். 2020 மே மாதம் தி பினான்ஸ் கம்பனியின் உரிமம் நீக்கப்பட்டபோது, அன்றிருந்த காப்புறுதி எல்லையான 600,000 ரூபாய் வரை வைப்பாளருக்குக் கிடைத்தது.

என் பணத்துக்கு இன்று எவ்வளவு காப்புறுதி இருக்கிறது?

மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும், ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 1,100,000 ரூபாய் வரை. ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லை ஒன்றே. வெவ்வேறு வங்கிகளில் போட்டால் தனித்தனியே பொருந்தும். சிக்கனக் கடனுதவிச் சங்கம், கூட்டுறவுக் கிராமிய வங்கி, சீட்டு, நகைக்கடையில் வட்டிக்குக் கொடுத்த காசு, உண்டியல்காரரிடம் நின்ற காசு ஆகியவை இந்தக் காப்புறுதிக்குள் வருவதில்லை. சங்கங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. கடினமான காலங்களில் நம் கிராமங்களைத் தாங்கியவை அவைதாம். ஆனால் அவற்றின் பாதுகாப்பு நிருவாகத்தினரின் நேர்மையிலும் கணக்குப் பரிசோதனையிலும் இருக்கிறது, அரச திட்டத்தில் இல்லை.

வெளிநாட்டில் இருப்போருக்கு: சுவிற்சர்லாந்தில் 100,000 பிராங், கனடாவில் ஒரு வகைக் கணக்குக்கு 100,000 கனடிய டொலர், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 100,000 யூரோ, நோர்வேயில் 2 மில்லியன் குறோணர். பிரித்தானியாவில் 85,000 பவுணாக இருந்த எல்லை 2025 டிசெம்பர் 1 முதல் 120,000 ஆகியது.

வரிப்பணத்தைக் கொடுத்து வங்கிகளைக் காப்பாற்றுவது நியாயமா?

வைப்பாளரைக் காப்பாற்றுவது நியாயம். கொடுப்பனவு முறை ஒரு நாள் நின்றால் சம்பளமும் மருந்தும் அரிசியும் நிற்கும் என்பதை நாங்கள் அனுபவித்து அறிந்தவர்கள். ஆனால் பங்காளரையும், இலாபத்தில் மிகையூதியம் பெற்ற நிருவாகிகளையும் அதே கையால் தூக்கிவிடுவது நியாயமில்லை. 2008 இல் அமெரிக்கா ஒதுக்கிய 700 பில்லியன் டொலர் பற்றி மக்கள் கொண்ட கோபம் இதிலிருந்தே பிறந்தது. சிலிக்கன் வேலியில் வைப்பாளர் முழுமையாகக் காக்கப்பட்டு, பங்காளர் எல்லாவற்றையும் இழந்தது சரியான ஒழுங்கு என்பது என் கருத்து. எல்லைக்கு மேற்பட்ட பெரிய வைப்புகளையும் காத்தது பற்றி எனக்கு ஐயம் உண்டு, ஏனெனில் அடுத்த வங்கியின் பெரிய வைப்பாளர் இனிமேல் வங்கியின் கணக்கறிக்கையைப் புரட்டிப் பார்க்கமாட்டார்.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால் நான் எதைச் செய்யவேண்டும்?

பணத்தை எடுக்க ஓடுவதற்கு முன், உங்கள் பணம் யாரிடம், எந்தப் பெயரில், எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பாருங்கள். வைப்பா, முறியா, பங்கா, வெறும் கைமாற்றா என்று பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். வழமையை விட நான்கைந்து வீதம் கூடிய வட்டி தருகிறார்கள் என்றால் அதன் காரணத்தைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் சங்கடப்படும் நிறுவனத்தில் போடாதீர்கள்.

மாமிக்கு இன்னொரு பதற்றமும் அதே ஆண்டில் வந்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக 2023 ஜூன் 30 வெள்ளிக்கிழமையை விசேட வங்கி விடுமுறையாக அறிவித்தார்கள். முந்திய நாள் ஹஜ் பெருநாள், பின்னால் சனி, ஞாயிறு, திங்கட்கிழமை போயா. ஐந்து நாள் வங்கிகள் மூடிக்கிடந்தன. வைப்புகளில் கை வைக்கப்படாது என்று மத்திய வங்கி சொல்லியிருந்தும், புதன்கிழமை மாலை அவர் என்னிடம் வந்து, நிலையான வைப்பை முறித்து எடுத்துவிடவா என்று கேட்டார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். உரிமம் பெற்ற வங்கி, அவருடைய பெயர், எட்டு இலட்சம் ரூபாய், முதிர இன்னும் ஆறு நாள். எல்லைக்குள் இருக்கிறது, முறித்தால் வட்டியை இழப்பீர்கள் என்றேன். ஜூலை 4 செவ்வாய் காலை கதவு திறந்தபோது நானும் கூடப்போனேன். காசாளர் பிள்ளை மீதியைத் திரையில் காட்டினாள். முதிர்ந்த நாளில் மாமி வட்டியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, முதலை மறுபடியும் ஓராண்டுக்குப் போட்டார்.